பூஜ்யமும் எழுதணும்

ஒன்பது மணிக்கு மேல்தான் வரும்.
மோல்மீன் தகரக் கூரைகள் முதலில் காய வேண்டும்,
அந்தச் சூடு இந்த முகட்டில் முட்டி மேலே எழ வேண்டும்.
அதற்கு முன் இறக்கையை அடித்து அடித்துப் பறக்க
அவற்றுக்கு என்ன தலையெழுத்து.

நாங்கள் இரண்டு பேர்.
குளிர்பெட்டி பழுதுபார்க்கும் நாய் பஞ்ஞா தெற்கே பார்ப்பார்.
ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் நான் தலைக்கு நேர் மேலே.
மோன்காரர்களுக்கு நாய் என்றால் ஐயா.
முதல் நாள் நான் சிரித்துவிட்டேன்,
ஏன் என்று சொல்ல மூன்று பங்குனி ஆயிற்று.
சொன்ன அன்று அவர் வானத்தைப் பார்த்து
ஒரு குரை குரைத்தார்.
அந்தச் சிரிப்பில் தவறிய பருந்து எத்தனையோ.

நூறு வரை எனக்குத் தமிழில் வரும்.
அதற்கு மேல் நாக்கு தானாகப் பர்மியத்துக்குத் தாவும்.
சில்லறை வீட்டில் கற்றது,
பெரிய தொகை சம்பளம் வாங்கும் இடத்தில்.

பத்து நாற்பது.
தெற்கே காடெரிந்த புகைக்குள் இன்னொரு புகை.
தேன்பருந்துகள்.
ஒன்று சுற்ற ஆரம்பிக்கிறது,
அங்கே காற்று ஏறுகிறது என்று மற்றவை மோப்பம் பிடித்து
வந்து வந்து சேர்கின்றன,
கலக்கிய வரக்காப்பியில் தூள் சுழல்வது மாதிரி.
சுழலுக்குள் எண்ணக்கூடாது.
எண்ணினால் ஒன்றையே நாலு தரம் எண்ணுவாய்.
உச்சியில் முடிச்சு அவிழும்,
வடக்கே ஒற்றை நூலாக ஓடும்.
அந்த நூலை எண்ணு.

நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு.
பின்னால் பூட்ஸ்,
நாற்பத்து மூன்று.

சாவடிப் பையன். இருபது இருக்காது.
ஹெல்மெட் வார் மோவாயில் ஒட்டவில்லை.
நோட்டைப் பிடுங்கிச் சத்தமாக வாசித்தான்:
பத்து நாற்பது, வடக்கு, நாற்பத்து மூன்று.
யார் இந்த நாற்பத்து மூன்று பேர்?
எந்த வழியாகப் போனார்கள்?

மேலே கை காட்டினேன்.
எங்கள் தெருவிலிருந்து இந்த மாதம் போனவர்கள் ஏழு.
கிழக்கே, ராத்திரியில்,
எந்த உயரத்திலும் சுற்றாமல்.
அதை நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

பைனாகுலரை வாங்கிப் பார்த்தான்.
வாய் கொஞ்சம் திறந்தது.
பத்து, இல்லை, பன்னிரண்டு என்றான்.
சுழலுக்குள் எண்ணாதே தம்பி என்றார் நாய் பஞ்ஞா,
துப்பாக்கியைப் பார்த்தபடி.

எட்டு மணிக் கட்டத்தில் விரல் வைத்தான்.
இந்த வட்டம்?
பூஜ்யம். அந்த மணியில் ஒன்றும் வரவில்லை.
வரவில்லை என்றால் ஏன் எழுதணும்?
எழுதணும் என்றேன்.
காலியாக விட்டால் நாங்கள் இங்கே இல்லை என்று ஆகிவிடும்.
வட்டம் போட்டால்
நாங்கள் இருந்தோம், அவை இல்லை.

மேலதிகாரி பார்க்கவேண்டும் என்று
நோட்டு, பைனாகுலர், நோட்டில் கட்டியிருந்த பென்சில்,
எல்லாவற்றையும் கொண்டு படியிறங்கினான்.
நாங்கள் வெறுங்கண்ணோடு உட்கார்ந்திருந்தோம்.
எழுந்து போயிருக்கலாம்.
கிழக்கே ஸ்வெகபின் மலை புகையில் பாதி கரைந்திருந்தது,
கொண்டுவந்த புளிச்சோறு இறங்கவில்லை.
பதினொன்றிலிருந்து இரண்டு வரை
எங்கள் கணக்கு எழுபத்தாறு, கூடக்குறைய.

இரண்டேகாலுக்கு அவனே ஏறி வந்து திருப்பிக் கொடுத்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பைனாகுலர் வாரை மட்டும் கழுத்திலிருந்து
மெதுவாகத்தான் கழற்றினான்.

அவன் போனபிறகு நோட்டைத் திறந்தால்
பதினொன்றுக்கு எதிரே ஒன்பது.
பன்னிரண்டுக்கு ஒரு வட்டம், கவனமாக மூடிய வட்டம்.
ஒரு மணிக்கு முப்பத்தொன்று.
பள்ளிக்கூடப் பையனின் உருண்டைப் பர்மிய எண்கள்.

பன்னிரண்டு மணிக்கு நாங்கள் பதினேழு பார்த்தோமே,
சாவடிமேல் வாகைமரம், அவனுக்கு என்ன தெரியும்,
முப்பத்தொன்றும் சுழலில் எண்ணியதாக இருக்கும்,
அழித்துவிடு என்றார் நாய் பஞ்ஞா.
நாளைக்கு இது யார் கையெழுத்து என்று கேட்டால்?
இறங்கும் வழியெல்லாம், நூற்றுச் சொச்சம் படியும், அதே பேச்சு.

ரப்பர் கிடங்கில் பதினோரு வருஷம்,
என்னிடம் ரப்பர் இல்லை என்றேன்.